ஏற்காட்டுக் காபிக்கு ஆன்லைன் கடை: எந்த பிளாட்ஃபார்மில் தொடங்கலாம்?

கேட்டவர் ஏற்காட்டுக்காரர். குடும்பத் தோட்டத்தில் காபி, இடையே சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு. இரண்டு வருடமாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து மாதம் நாற்பது, ஐம்பது பார்சல் அனுப்புகிறார். மே மாதம் மலைக்கு வந்து போனவர்கள் வெப்சைட் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். வெப்சைட் கட்ட உதவும் பிளாட்ஃபார்ம்களான ஷாப்பிஃபை, விக்ஸ், வேர்ட்பிரஸ் மூன்றையும் பார்த்துக் குழம்பிப்போயிருக்கிறார். சேலத்தில் கல்லூரியில் படிக்கும் சித்தி மகன், "அக்கா, வேர்ட்பிரஸ்ல நானே செஞ்சு தர்றேன்" என்கிறானாம். எதை எடுக்கலாம், வெப்சைட்டில் என்ன எழுதலாம் என்பதுதான் கேள்வி.

சகோதரி, நான் சேலத்தில் பல வருடங்களாகச் சிறு வியாபாரிகளுக்கு இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். கொலுசுக் கடை, இளம்பிள்ளைச் சேலை, ஜவ்வரிசி, சீசனில் மல்கோவா மாம்பழம் என்று பலதுக்கும் கடை போட்டுக் கொடுத்திருக்கிறேன். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, இந்த வாரமே உங்கள் பெயரில் வாங்குங்கள். கடையை, ஆர்டருக்கு ஆர்டர் கமிஷன் பிடிக்காத ஒரு பிளாட்ஃபார்மில் தொடங்குங்கள். இப்போதைக்கு ஜோஹோ காமர்ஸ் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஷாப்பிஃபை மிக நல்ல சாதனம், ஆனால் மாதம் ஐம்பது பார்சலுக்கு அது கனம். தம்பியின் வேர்ட்பிரஸ் யோசனை தவறில்லை, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

டொமைனை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நிலம் வாங்கும்போது வீடு எப்படி இருக்கிறது என்பதற்கு முன்னால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்றுதானே பார்ப்போம்? இங்கே டொமைன்தான் பட்டா. 2019இல் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்காரர் என்னை அழைத்தார். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் இமெயிலில் பதிந்திருக்கிறார். பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார், புதுப்பிக்கவில்லை. நான் போனபோது கடைக்காரர் போனை நீட்டினார். அவர் கடை முகவரியைத் தட்டினால் ஏதோ புரியாத மொழியில் ஒரு சூதாட்டப் பக்கம் திறக்கிறது. பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கடைக்குள் தரையில் உட்கார்ந்து அவர் மகள், புதிதாக அச்சடித்து வந்த அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றிலும் அந்த முகவரியின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரம் பெட்டி. பிளாட்ஃபார்ம் எதுவாக இருந்திருந்தாலும் அந்த நஷ்டத்தைத் தடுத்திருக்காது.

ஆகவே நீங்களே டொமைன் விற்கும் ஒரு பதிவாளர் நிறுவனத்தில் கணக்கு திறந்து, உங்கள் இமெயில், உங்கள் போன் நம்பர் போட்டு, டாட் இன் அல்லது டாட் காம் பெயரை வாங்குங்கள். முதல் வருடம் சலுகை விலை காட்டுவார்கள். புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று அதே பக்கத்தில் தேடிப் பாருங்கள், அதுதான் உண்மையான விலை. ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். கடை எந்த பிளாட்ஃபார்மில் இருந்தாலும் இந்தப் பெயரை அதற்குத் திருப்பிவிடலாம். நாளைக்கு பிளாட்ஃபார்ம் பிடிக்கவில்லை என்றால் கடையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பாக்கெட்டில் அச்சடித்த முகவரி மாறாது.

பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கூகுள் பிசினஸ் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு கூகுளே இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் கொடுத்துவந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு இடத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். கூகுள் கொடுத்த முகவரியையே விசிட்டிங் கார்டில் போட்டவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

இனி செலவுக் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மாத வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் சராசரி ஆர்டர் 600 ரூபாய், மாதம் 50 ஆர்டர், மொத்தம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்தை மாதாமாதம் கட்டினால், கணக்குக்கு 2,000 ரூபாய் என்று போடுங்கள். (விலை மாறிக்கொண்டே இருக்கும்; வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் குறையும்.) அதோடு நிற்காது. ஷாப்பிஃபையின் சொந்தப் பணவசூல் சேவை இந்தியாவில் கிடையாது. ரேசர்பே, பேயூ, கேஷ்ஃப்ரீ மாதிரி வெளி கேட்வே (வாடிக்கையாளரின் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் சேவை) ஒன்றைத்தான் இணைக்க வேண்டும். வெளி கேட்வே வைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஷாப்பிஃபை 2 சதவீதம் தனியாகப் பிடிக்கும்: 600 ரூபாய். கேட்வேக்காரர் தன் பங்குக்குப் பொதுவாக 2 சதவீதம்: இன்னொரு 600. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: 108. கூட்டினால் 3,308 ரூபாய். முப்பதாயிரத்தில் நூற்றுக்குப் பதினொன்று போய்விட்டது. காபிக்கொட்டை விலை, வறுக்கும் கூலி, பை, கூரியர் எல்லாம் போக உங்களுக்கு எவ்வளவு நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதில் பதினொன்று என்பது சின்னத் தொகை இல்லை.

இதே ஷாப்பிஃபை மாதம் 300 ஆர்டர் வந்தால் ஐந்தரை சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் வாடகை நிலையானது. அப்போது அதன் வசதிகளுக்காக அந்தப் பணத்தைக் கொடுக்கலாம், தப்பில்லை. அதனால்தான் "இப்போதைக்கு" என்ற வார்த்தையைப் போட்டேன்.

ஜோஹோ காமர்ஸில் கேட்வே கட்டணம் இருக்கும், ஆனால் பிளாட்ஃபார்ம் தனியாக விற்பனைக் கமிஷன் பிடிப்பதில்லை. நம் ஊர் நிறுவனம் என்ற பாசத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஜிஎஸ்டியோடு பில் போடுவது, அவர்களுடைய கணக்கு மென்பொருளான ஜோஹோ புக்ஸில் கணக்கு தானாக ஏறுவது இரண்டும் ஆடிட்டரிடம் போகும் நேரத்தில் பெரிய உதவி. குறையும் உண்டு: கடையின் தோற்றத்துக்கான தீம்கள் ஷாப்பிஃபை அளவுக்கு இல்லை, யூடியூபில் தமிழில் சொல்லித்தருபவர்களும் குறைவு. இன்ஸ்டாமோஜோ, துக்கான் மாதிரி இந்தியப் பிளாட்ஃபார்ம்களும் இருக்கின்றன. அவற்றையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். வாடகை, பிளாட்ஃபார்ம் கமிஷன், கேட்வே கமிஷன், அதன் மேல் ஜிஎஸ்டி என்று நான்கு வரி எழுதி, உங்கள் போன மாத விற்பனையைப் போட்டால் போதும்.

கேட்வே கமிஷனே வேண்டாம் என்றால், வாடிக்கையாளரை உங்கள் யுபிஐ க்யூஆருக்கே பணம் அனுப்பச் சொல்லலாம். ஐம்பது ஆர்டர் வரைக்கும் அது நடக்கும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி பார்சல் அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். நூறைத் தாண்டும்போது அந்தச் சரிபார்க்கும் வேலையே ஒரு ஆள் வேலையாகிவிடும், அப்போது கேட்வேக்குக் கொடுக்கும் காசு வலிக்காது.

அடுத்தது யாரும் பேசாத விஷயம், உங்கள் தொழிலில் உயிரானது: எடை. கூரியர்காரர்கள் பெரும்பாலும் அரைக்கிலோ படிகளில்தான் பில் போடுகிறார்கள். அரைக்கிலோ காபி, பையும் பெட்டியும் டேப்பும் சேர்ந்து 580 கிராம் ஆகும். ஒரு கிலோ படிக்குப் போய்விடும். அது போதாதென்று பெட்டியின் அளவையும் எடையாக மாற்றுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 25க்கு 18க்கு 12 பெட்டி என்றால் 5,400, வகுத்தால் 1.08 கிலோ. உள்ளே இருப்பது அரைக்கிலோ காபி, பில் வருவது ஒன்றரைக் கிலோவுக்கு. பெட்டியை 20க்கு 14க்கு 8 ஆக்கினால் அளவு எடை அரைக்கிலோவுக்குள் வந்துவிடும், அரைக்கிலோ காபி அதில் உட்காரும்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. அரைக்கிலோ காபி எப்படியும் ஒரு கிலோ படியில்தான் போகிறது என்றால், அதோடு கால் கிலோ மிளகைச் சேர்த்தாலும் மொத்தம் 850 கிராமைச் சுற்றித்தான் வரும். பெட்டியின் கன அளவு 5,000ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் கூரியர் செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. காபியும் மிளகும் சேர்ந்த ஒரு செட்டை கடையின் முதல் பொருளாக வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தட்டுவடை செட் விற்கும் ஊரில் செட் போட்டு விற்பதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது இதை பிளாட்ஃபார்மோடு பொருத்திப் பாருங்கள். கூடையில் இருக்கும் மொத்த எடையை வைத்து டெலிவரி கட்டணத்தைத் தானாகக் கணக்கிடும் வசதி வேண்டும். ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்திலேயே எடை வாரியாகக் கட்டணம் வைக்கலாம். வேர்ட்பிரஸ்ஸின் மேல் ஓடும் கடை மென்பொருளான வூகாமர்ஸில் ஒரே கட்டணம், இலவசம், நேரில் வாங்கிக்கொள்வது ஆகிய மூன்றுதான் கூடவே வரும். எடைப் படிக்குத் தனி பிளக்இன் (கூடுதல் வசதி தரும் சின்ன மென்பொருள்) போட வேண்டும். இது தெரியாமல் எல்லாருக்கும் 80 ரூபாய் என்று வைத்துவிட்டு, டெல்லிக்கு மூன்று கிலோ ஆர்டர் வந்த அன்று கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேஷ் ஆன் டெலிவரி தொடக்கத்தில் வேண்டாம். ஆர்டர் போட்டவர் வாங்காமல் திருப்பி அனுப்பினால் போக, வர இரண்டு கூலியும் உங்கள் தலையில். சேலை திரும்பி வந்தால் மறுபடி விற்கலாம். வறுத்து அரைத்த காபித்தூள் இரண்டு வாரம் லாரியில் சுற்றிவிட்டு வந்தால் அதை யாருக்குக் கொடுப்பீர்கள்?

எந்த பிளாட்ஃபார்ம் என்று படித்து முடிவெடுக்க முடியாது, ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலானவை சில நாள் இலவசமாகப் பார்க்க விடுகின்றன. ஒரே ஒரு பொருளை எடுங்கள்: உங்கள் காபி. கால் கிலோ, அரைக்கிலோ, ஒரு கிலோ என்று மூன்று அளவு. கொட்டை, ஃபில்டர் தூள், கரகரப்பாக அரைத்தது என்று மூன்று வகை. சிக்கரி கலந்தது, கலக்காதது. மூன்று பெருக்கல் மூன்று பெருக்கல் இரண்டு, பதினெட்டு விலை. அந்தப் பதினெட்டையும் நீங்களே, தம்பி உதவியில்லாமல், போனிலிருந்து ஏற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், ஏனென்றால் நாளைக்கு வறுவல் அறையில் நின்றுகொண்டு "ஒரு கிலோ தீர்ந்துவிட்டது" என்று மாற்றப்போவது போனில்தான். மூடுபனி இறங்கி சிக்னல் ஒரு கோடு காட்டும் நாளில் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு உங்கள் அம்மாவையோ அத்தையையோ அவர் போனில் அரைக்கிலோ ஆர்டர் போடச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எந்த இடத்தில் அவர் விரல் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறுவது எதுவோ அதை எடுங்கள்; நான் சொன்னதற்கு மாறாக இருந்தாலும் சரி.

தமிழில் பக்கம் வைக்கப்போகிறீர்கள் என்றால், அதே நேரத்தில் தலைப்பிலும் பட்டனிலும் தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். சில தீம்களில் எழுத்து பொடியாகிவிடும், வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டும். பொருளின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே போடுங்கள், தேடுகிறவர்கள் இரண்டிலும் தேடுகிறார்கள்.

தம்பியின் வேர்ட்பிரஸ்ஸுக்கு வருகிறேன். வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கிறது, வூகாமர்ஸ் 2011 முதல். இரண்டும் இலவசம், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த மூலம். ஹோஸ்டிங்கும் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடத்துக்கு வாடகை) டொமைனும் சேர்ந்து வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும், கேட்வே கட்டணம் தவிர விற்பனைக் கமிஷன் யாருக்கும் கிடையாது. முழுக் கடையையும் அப்படியே சுருட்டி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம். இந்தச் சுதந்திரத்தை வேறு எதுவும் இந்த அளவுக்குக் கொடுக்காது. எனக்கு மனதுக்குப் பிடித்ததும் இதுதான்.

ஆனால் அது தோட்டம் மாதிரி. நட்டுவிட்டுப் போக முடியாது. வேர்ட்பிரஸ், தீம், ஒவ்வொரு பிளக்இன் எல்லாவற்றுக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். போடாமல் விட்டால் பழைய பிளக்இன் ஓட்டை வழியாகத்தான் ஹேக்கர்கள் நுழைகிறார்கள். போட்டால் சில சமயம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் கடை படுத்துவிடும். இதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தம்பி இன்றைக்கு சேலத்தில் இருக்கிறான். படிப்பு முடிந்தால் பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவான், போகவும் வேண்டும். டிசம்பரில் அறுவடை நடக்கும் நேரத்தில் கடை திறக்கவில்லை என்றால், ஆபீஸில் இருக்கும் அவனைக் கூப்பிட்டு எத்தனை தடவை கேட்பீர்கள்? உறவு கசக்க இது மாதிரி சின்ன விஷயம் போதும். அவன் உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டோ எடுப்பது, ஏற்றுவது, டொமைனைத் திருப்புவது எல்லாம் அவன் செய்யட்டும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையை அவன் தலையில் வைக்காதீர்கள்.

விக்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கம் அழகாக வரும், இழுத்து வைத்தால் போதும். இலவசத் திட்டத்தில் பணம் வாங்க முடியாது, சொந்த டொமைனும் வைக்க முடியாது. பிறகு வெளியேற நினைத்தால் பொருள் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம், கட்டிய வெப்சைட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு நன்றாக இருக்கும், பார்சல் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை.

எதை எடுத்தாலும் பொருள்கள், விலை, எடை, வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் மாதம் ஒரு தடவை சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கும் பட்டியல்) இறக்கி உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

கடை திறக்கும் முன் சில காகித வேலைகள். கேட்வேக்காரர்கள் பான், வங்கிக் கணக்கோடு நிற்க மாட்டார்கள். வெப்சைட்டில் தொடர்பு முகவரி, டெலிவரி விதி, பணம் திருப்பித்தரும் விதி, தனியுரிமைப் பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறந்துவிடுவார்கள். இந்தப் பக்கங்கள் இல்லாமல் வாரக்கணக்கில் நிற்கிறவர்கள் அதிகம். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம்; அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டிலும் வெப்சைட்டிலும் போடுங்கள். நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயரும் முகவரியும் பொருள் பக்கத்தில் தெரிய வேண்டும். 2020ஆம் ஆண்டு இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி புகாரைக் கேட்க ஒருவர் பெயரும் தொடர்பும் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும். உங்கள் அளவில் அந்த ஒருவர் நீங்கள்தான்.

ஜிஎஸ்டியில் ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டி வரியுள்ள பொருளை அனுப்பினால் அந்த வரம்பு உதவாது, முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். வறுத்த காபிக்கு வரி உண்டு. ஆடிட்டரிடம் பேசி முடிவெடுக்கும்வரை, பிளாட்ஃபார்மின் டெலிவரி அமைப்பில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து வையுங்கள். பெங்களூர்க்காரர் ஆர்டர் போட முயன்றால் உங்கள் ஊருக்கு டெலிவரி இல்லை என்று கடையே சொல்லிவிடும்.

வெப்சைட்டில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "உயர்தரமான, தூய்மையான" என்று எல்லாரும் எழுதுவதை எழுதாதீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இருநூறு வருடப் பயிர் அது. சுமார் 1,500 மீட்டர் உயரம், மர நிழல், அராபிகா. பழம் எந்த மாதம் பறித்தீர்கள், எந்த தேதியில் வறுத்தீர்கள் என்று எழுதுங்கள். வறுத்த தேதியைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள்.

மே மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கடையும் புதிது, பார்சலும் புதிது என்றால் திணறிவிடுவீர்கள். இப்போதைய வாட்ஸ்அப் ஆட்களில் பத்துப் பேருக்கு மட்டும் லிங்க் அனுப்பி ஒரு மாதம் ஓட்டுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கையும் எடுத்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள். டொமைன் வாங்கும் அன்று தம்பி பக்கத்தில் உட்காரட்டும், ஓடிபி மட்டும் உங்கள் போனுக்கு வரட்டும். வந்ததா என்று பார்த்துவிட்டு அவனுக்கு ஒரு டம்ளர் காபி கொடுங்கள்.